மகன் கையில் 16... எதிரே 10!

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு கிடையாது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் பொழுது போகாமல் கட்டைப் பிரித்தால்கூட நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பக்தி, ஆசாரம் என்று எதுவும் இல்லை. என் அப்பாதான் காரணம்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அப்பா கணக்குப்பிள்ளை. அடுத்தவர் கணக்கில் ஒரு பைசா பிசகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மட்டும் அவர் வேறு ஆள். ‘மனமகிழ் மன்றம்’ என்று போர்டு மாட்டிய ஒரு மாடி அறை. உள்ளே ரம்மி. அவர் மனம் மகிழ்ந்ததோ என்னவோ, வீட்டில் அம்மாவின் ஆறு பவுன் செயின் போனது, பித்தளை அண்டா போனது, கடைசியில் தாத்தா கட்டிய வீடும் போனது.

அதனால்தான் என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு சட்டம் போட்டேன். வீட்டுக்குள் சீட்டு வரக் கூடாது. என் மகன் கழுதை ஆட்டம்கூடத் தெரியாமல் வளர்ந்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டுறவு வங்கியில் 31 வருடம் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் காலமான பிறகு, கலிபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போயிருந்தேன். டிசம்பர் விடுமுறையில், “லாஸ் வேகாஸ் போய்ட்டு வரலாம்மா” என்றான். எட்டு ஒன்பது மணி நேரம் கார் பயணம். பாலைவனத்துக்கு நடுவே திடீரென்று ஒரு தேர்த் திருவிழா மாதிரி ஊர் வெளிச்சமாக எழுந்து வந்தது.

நெவாடா மாநிலத்தில் சூதாட்டம் 1931-லேயே சட்டபூர்வமாகிவிட்டது. ஹோட்டல் அறைக்குப் போவதென்றாலும், சாப்பிடப் போவதென்றாலும் சூதாட்டத் தளத்தைக் கடந்துதான் போக வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே நிற்கக் கூடாது. முதல் நாள் மாலை மருமகள், பேத்தியை அழைத்துக்கொண்டு பெல்லாஜியோ நீரூற்றைப் பார்க்கப் போனாள். எனக்கு முட்டி வலி. “நீங்க அவரோட இருங்க அத்தை” என்றாள்.

“சும்மா பாரும்மா, ஒரு அரை மணி நேரம்” என்று மகன் ஒரு பச்சை மேஜை முன்னால் உட்கார்ந்தான். பர்ஸைத் திறந்து லேமினேட் செய்த ஒரு சிறிய அட்டையை எடுத்து வைத்தான். கட்டம் கட்டமாக, சிவப்பு, பச்சை, மஞ்சள். ஓரங்களெல்லாம் தேய்ந்திருந்தன. அது இன்று வாங்கிய அட்டை இல்லை என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. நோட்டுக்கட்டின் ஓரத்தைப் பார்த்தே எத்தனை கை மாறியிருக்கிறது என்று சொல்கிறவள் நான்.

“இது என்னடா?”

“பிளாக்ஜாக் அட்டைம்மா. எந்தக் கை வந்தா என்ன செய்யணும்னு இதுல இருக்கு. இங்க கடையிலேயே விக்கிறான். மேஜையில வெச்சுக்கிட்டே ஆடலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தான். 21-ஐத் தாண்டாமல் டீலரை விட அதிகம் எடுக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் 10. ஆஸ் 1 அல்லது 11, நம் வசதி. தாண்டினால் உடனே தோல்வி. டீலரின் இரண்டு சீட்டில் ஒன்று மேலே தெரியும், ஒன்று கவிழ்ந்திருக்கும். 17 வரும் வரை டீலர் எடுத்தே ஆக வேண்டும். அவருக்கு யோசிக்கும் உரிமை கிடையாது. நமக்கு உண்டு. “அந்த யோசனையைத்தான் இந்த அட்டை நமக்குப் பதிலா செஞ்சு வெச்சிருக்கு” என்றான்.

அவன் 25 டாலர் வைத்தான். வந்தது ஒரு 10, ஒரு 6. டீலருக்கு மேலே தெரிந்தது ராஜா. டீலர் அம்மாள் தன் கவிழ்ந்த சீட்டை மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு, ‘பிளாக்ஜாக் இல்லை’ என்பதுபோல நிமிர்ந்தார். மகன், “சரண்டர்” என்று சொல்லி, தன் பந்தயத்துக்குப் பின்னால் விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். டீலர் பாதிப் பணத்தை எடுத்துக்கொண்டு மீதி பன்னிரண்டரை டாலரைத் திருப்பித் தந்தார்.

பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மட்டும் ஆட்டத்தில் இருந்தார். டீலர் தன் சீட்டைத் திருப்பினார். 6. அடுத்து எடுத்தது 8. மொத்தம் 24, டீலர் காலி!

“அட, விடாம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பியேடா!”

மகன் சிரித்தான். “ஒரு கையைப் பார்க்கக் கூடாதும்மா. எதிர்ல 10 இருக்கறப்போ 16-ஐ வெச்சுக்கிட்டு சும்மா நின்னா, நூறுல 77 தடவை தோக்கும், 23 தடவைதான் ஜெயிக்கும். கழிச்சுப் பாரு, நூறு டாலருக்கு 54 டாலர் போகுது. இன்னொரு சீட்டு வாங்கினாலும் கிட்டத்தட்ட அதேதான். சரண்டர் பண்ணினா 50. நாலு டாலர் மிச்சம்.”

என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. காரணம் அவன் ஆடியது இல்லை. அந்தக் கணக்கை அவன் சொன்ன வேகம். என் அப்பாவும் இதே வேகத்தில்தான் பாயின்ட் கூட்டுவார்.

அடுத்து இரண்டு 8 வந்தன. எதிரே ராணி. நானும் இப்போது கெட்டிக்காரி அல்லவா? “இதுவும் 16தானே, சரண்டர் பண்ணிடு” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு இன்னொரு 25 டாலரை வைத்து, இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினான். டீலர் இரண்டு 8-ஐயும் தனித்தனியாக நகர்த்தினார்.

“இதுதான் ஸ்ப்ளிட். ஒரே மாதிரி ரெண்டு வந்தா பிரிச்சு ரெண்டு கையா ஆடலாம். ஆனா இன்னொரு பங்கு பணம் கட்டணும். சேர்ந்திருந்தா 16, அதைவிட மோசமான கையே இல்லை. பிரிச்சா ஒவ்வொண்ணும் 8, அது பரவாயில்லாத ஆரம்பம். அப்பவும் நஷ்டம்தான். ஆனா சரண்டரைவிட ஒரு ரெண்டு டாலர் கம்மி.”

ஒரு 8-உடன் 10 வந்து 18. இன்னொன்றுடன் 5, பிறகு 7 வந்து 20. டீலருக்கு 19. ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. வரவும் இல்லை, செலவும் இல்லை.

ஆஸ் இரண்டு வந்தால் கட்டாயம் பிரிக்க வேண்டுமாம். ஆனால் பெரும்பாலான மேஜைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சீட்டுதான் தருவார்கள். அதில் 10 விழுந்தாலும் அது வெறும் 21, பிளாக்ஜாக் பரிசு கிடையாது. இரண்டு 10 வந்தால் பிரிக்கவே கூடாது. 20 என்பது கிட்டத்தட்ட ஜெயித்த கை. அதைப் பிரிப்பது பேராசை. இரண்டு 5-ஐயும் பிரிக்கக் கூடாது. 10 என்ற நல்ல ஆரம்பத்தை இரண்டு நோஞ்சானாக ஆக்குவானேன்?

இந்த அட்டைக்கு ஒரு வரலாறும் சொன்னான். அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், மேஜைக் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டு 1956-ல் புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்களாம். பிறகு எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, 1962-ல் புத்தகமே எழுதினார். அட்லாண்டிக் சிட்டியில் 1978-ல் முதல் கேசினோ திறந்தபோது, டீலர் பிளாக்ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே சரண்டர் செய்யலாம் என்று விதி இருந்தது. ஆடத் தெரிந்தவர்களுக்கு அது ரொம்பவே சாதகம். 1981-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது சரண்டர் இருக்கும் மேஜைகளிலும் டீலர் பார்த்த பிறகுதான். அதையும் பல இடங்களில் மேஜையில் எழுதி வைப்பதில்லை. நாமாகக் கேட்க வேண்டும்.

“எல்லாம் சரியா ஆடினா ஜெயிக்கலாமா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. நல்ல மேஜையில, ஒரு தப்பும் பண்ணாம ஆடினா, நூறு டாலருக்கு அரை டாலர் அவங்களுக்கு. தப்பா ஆடினா இன்னும் அதிகம். அவ்வளவுதான்.”

தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே ஆடுவதற்கு எதற்கு இத்தனை படிப்பு என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சொன்னபடி அரை மணி நேரத்தில், நாற்பது டாலர் நஷ்டத்தில் எழுந்துவிட்டான். ‘பரவாயில்லை, என் அப்பா மாதிரி இல்லை, எழுந்திருக்கத் தெரிகிறது’ என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்கு எங்கே போனாலும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். காபி கிடைக்குமா என்று கீழே இறங்கினேன். அந்தத் தளத்தில் கடிகாரம் இல்லை, ஜன்னல் இல்லை. மாலை எப்படி இருந்ததோ அப்படியே விளக்குகள். ஆட்கள் மட்டும் குறைந்திருந்தார்கள். தூண் ஓரத்து மேஜையில் நீலச் சட்டை போட்ட ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அந்த முதுகை எனக்குத் தெரியும்.

நேற்று மாலை போட்டிருந்த அதே சட்டை.

பின்னால் போய் நின்றேன். அவன் கவனிக்கவில்லை. மேஜை விரிப்பில் ‘பிளாக்ஜாக் 5-க்கு 6’ என்று எழுதியிருந்தது. நேற்றைய மேஜையில் 2-க்கு 3. அதாவது 25 டாலருக்குப் பிளாக்ஜாக் வந்தால் அங்கே முப்பத்தேழரை, இங்கே வெறும் 30. இந்த மாதிரி மேஜையில் உட்காரவே கூடாது என்று நேற்று எனக்குப் பாடம் எடுத்தவன் இவன்தான்.

முன்னால் இரண்டு கறுப்பு சிப்ஸ். ஒன்று 100 டாலர். கையில் 9-ம் 7-ம். எதிரே ராஜா. அவன் விரலைத் தூக்கிக் கோடு இழுக்கப் போனான். டீலர் தலையை ஆட்டினார். இந்த மேஜையில் சரண்டர் கிடையாது. மேஜையைத் தட்டி ஒரு சீட்டு வாங்கினான். 9. மொத்தம் 25. இரண்டு கறுப்பும் போய்விட்டன.

மிச்சம் மூன்று இருந்தன. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து முன்னால் நகர்த்தக் கை போனது. நான் தோளைத் தொட்டேன்.

திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. பிறகு சொன்னான்: “இந்த ஒரு கைம்மா. முடிச்சுட்டு வந்துடறேன்.”

எனக்குப் பத்து வயசு. தீபாவளிக்கு முந்தின நாள். “போனஸ் பணம் வாங்கியிருப்பார், போய்க் கூட்டிட்டு வா” என்று அம்மா அனுப்பினாள். மன்றத்தின் மாடிப்படி ஏறி வாசலில் நின்றேன். உள்ளே பீடிப் புகை. அப்பா என்னைப் பார்த்தார். “இந்த ஒரு ஆட்டம்மா. முடிச்சுட்டு வந்துடறேன்” என்றார்.

ரம்மி தெரிந்தவர்களுக்கு ‘ஸ்கூட்’ தெரிந்திருக்கும். கை மோசம் என்றால் ஆரம்பத்திலேயே கவிழ்த்து வைத்துவிடலாம். 20 பாயின்ட்டோடு போகும். நடுவில் விட்டால் 40. விடாமல் பிடித்துக்கொண்டு மாட்டினால் 80. பக்கத்தில் இருந்தவர், “கை சரியில்லையே, ஸ்கூட் விடுங்க கணக்குப்பிள்ளை, பிள்ளை வந்து நிக்குது பாருங்க” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா விடவில்லை. நான் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். அந்த வருடம் எங்களுக்குப் புதுத்துணி இல்லை.

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. திறக்கும் வயசில்லை. ஐம்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. இப்போது திறந்தேன்.

“ஸ்கூட்” என்றேன்.

“என்னம்மா?”

“ஸ்கூட் விடுடா. கையை இல்லை. மேஜையை.”

உள்ளங்கையை நீட்டினேன். கவுன்டருக்குப் பின்னால் 31 வருடம் நீட்டிய கை. அவன் அந்த மூன்று சிப்ஸையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். டீலர் காத்திருந்தார். பிறகு அவற்றை எடுத்து என் கையில் வைத்தான். அவன் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

வெளியே வந்து நடைமேம்பாலத்தில் நின்றோம். விடிந்துகொண்டிருந்தது. அங்கேதான் சொன்னான். வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில் ஒரு சீட்டு கிளப். ‘ஆபீஸில் வேலை’ என்று சொன்ன எத்தனையோ இரவுகள். மூன்று கிரெடிட் கார்டுகளில் 23,000 டாலர் கடன். மருமகளுக்குத் தெரியாது.

“ஆனா நான் ஒரு கையைக்கூடத் தப்பா ஆடினதில்லம்மா. அட்டையில இருக்கிற மாதிரியேதான் ஆடினேன்” என்றான். அதைச் சொல்லும்போதுதான் அழுதான்.

அந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். 16-க்கு என்ன, 15-க்கு என்ன, இரண்டு 8-க்கு என்ன, எல்லாம் இருக்கிறது. எப்போது விட வேண்டும், எப்போது பிரிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. ‘எப்போது எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும்’ என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. என் மகன் நூற்றுக்கணக்கான கைகளைச் சரியாகச் சரண்டர் செய்திருக்கிறான். ஒரு ராத்திரியைச் சரண்டர் செய்யத் தெரியவில்லை.

என் அம்மா அப்பாவின் கதையை யாரிடமும் சொல்லாமல் இருபது வருடம் மூடி வைத்தாள். மானம் என்று நினைத்தாள். மூடி வைத்ததால்தான் வீடு வரைக்கும் போயிற்று என்பது என் கட்சி. அதனால், “இன்னிக்கே உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு” என்றேன். அறைக்குப் போய்ச் சொன்னான். நான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வராண்டாவில் நடந்தேன்.

திரும்பும் வழியெல்லாம் மருமகள்தான் கார் ஓட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“பிரிச்சுடலாம்னு இருக்கேன் அத்தை.”

எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. பதில் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே, “பேங்க் அக்கவுன்ட்டைச் சொன்னேன் அத்தை. என் சம்பளம் தனி, அவர் சம்பளமும் என் கண்ணு முன்னாடி” என்றாள்.

அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

என் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று சொன்னேன். மறுத்துவிட்டாள். “நீங்க அடைச்சா, அவருக்கு அது இன்னொரு அடுக்கு சிப்ஸ் மாதிரிதான் அத்தை. அவர் சம்பளத்திலேயே மாசாமாசம் போகட்டும்.” வங்கியில் வேலை பார்த்தது நான். கணக்குத் தெரிந்தது அவளுக்கு.

அவள்தான் ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பைக் கண்டுபிடித்தாள். 1957-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. சூதாட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வாரம் ஒருமுறை கூடி, ஊர் பேர் சொல்லாமல் மனம் விட்டுப் பேசுவார்கள். அவர்களிடம் 20 கேள்விகள் இருக்கின்றன. ‘சூதாட்டத்தால் உங்கள் வீட்டில் சந்தோஷம் போயிருக்கிறதா’, ‘தோற்ற பிறகு உடனே திரும்பிப் போய் ஜெயித்தாக வேண்டும் என்று தோன்றியதா’ என்கிற மாதிரி. இதில் சிக்கியவர்கள் பெரும்பாலும் ஏழுக்காவது ‘ஆமாம்’ சொல்வார்களாம். என் மகன் 14-க்குச் சொன்னான். அந்த சீட்டு கிளப்பில், ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதற்கென்றே படிவம் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். 14 மாதமாகிறது. நடுவில் ஒருமுறை சறுக்கினான். 400 டாலர். அன்று இரவே மருமகளிடம் சொல்லிவிட்டான். முன்பு சொல்லாத ஆள், இப்போது சொல்கிறான். அதை நான் வரவில் எழுதுகிறேன்.

இதையெல்லாம் அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். “பேர் போடாதேம்மா, மத்தபடி எழுது. யாருக்காவது உதவும்” என்றான்.

இது ஏதோ அமெரிக்காவில் நடக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் கேசினோ மேஜை இல்லை. ஆனால் எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் சட்டம் நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து தோளைத் தொடாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் யாராவது ராத்திரி வெகு நேரம் போனோடு இருந்து, கேட்டால் எரிந்து விழுந்தால், கணக்குக் கேட்டால் மழுப்பினால், சீட்டு ஆடத் தெரியாதவன் என் பிள்ளை என்று என்னைப் போல நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். வீட்டில் சீட்டுக்கட்டை ஒழித்தால் போதும் என்று நான் நினைத்தது தப்பு. தாத்தாவின் கதையை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். நானும் என் அம்மா மாதிரி மூடித்தான் வைத்திருந்தேன்.

அந்த அட்டை இப்போது கோவில்பட்டியில், என் பீரோவில், பழைய பாஸ்புக்குகளுக்கு நடுவே இருக்கிறது. விமான நிலையத்தில் அவனே எடுத்துக் கொடுத்தான்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம். நமக்கு அப்போது திங்கள் காலை. காபி போட்டுவிட்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணி அடிக்கும்.

“போய்ட்டு வந்துட்டேம்மா” என்பான்.

“சரிப்பா, சாப்பிடு” என்பேன்.